போர் நடுவில் நாடாளுமன்றம் ஏன் விதவைகளின் மனுவைக் கேட்டுக்கொண்டிருந்தது? (இங்கிலாந்து, 1642–1648)

ஏட்டுப்புழு கேட்டது:

அரசர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்து காமன்ஸ் சபையின் (நாடாளுமன்றத்தின் கீழவை) ஜர்னலை, அதாவது அன்றாட நடவடிக்கைக் குறிப்பேட்டை, கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். எட்ஜ்ஹில், மார்ஸ்டன் மூர், நேஸ்பி என்று பெரிய சண்டைகளின் விவாதம் பக்கம் பக்கமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். அங்கே இருப்பது வேறு. காலையில் வேண்டுதல், உடனே நாடாளுமன்றத் தளபதி எசெக்ஸ் பிரபுவின் படைக்குப் பணம், அடுத்து ஏதோ ஓர் ஊர்த் தேவாலயத்துக்குப் பாதிரியார் நியமனம், அப்புறம் செத்துப்போன அதிகாரி ஒருவரின் மனைவி கொடுத்த மனு, அதற்கு ஒரு கமிட்டி, பிறகு வெடிமருந்து, பிறகு பிரபுக்கள் சபைக்கு (மேலவை) யார் செய்தி கொண்டுபோவது என்று ஒரு தீர்மானம். இப்படியே நாள் நாளாகப் போகிறது. பேச்சு என்று ஒரு வரி கிடையாது, முடிவு மட்டும்தான்.

நாடே பற்றி எரியும்போது இவ்வளவு சின்ன விஷயங்களில் ஏன் நேரத்தைச் செலவழித்தார்கள்? அமைச்சர், அதிகாரி என்று வேறு யாரும் பார்க்க மாட்டார்களா? படைக்கான பணம் எங்கிருந்துதான் வந்தது? இன்னொன்று: நாடாளுமன்றத்தின் புதிய மாதிரிப் படையை (New Model Army) உருவாக்கிய ஆணை 1645 பிப்ரவரி என்று எல்லா வரலாற்று நூல்களும் சொல்கின்றன, இங்கே 1644 என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

---

கணக்குப்பிள்ளை பதில்:

வேறு யாரும் இல்லை என்பதுதான் விஷயமே. அமைச்சர்கள் அரசரின் ஆட்கள். 1642 ஆகஸ்டில் முதலாம் சார்லஸ் நாட்டிங்ஹாமில் கொடியேற்றிய பிறகு, வெஸ்ட்மின்ஸ்டரில் மிச்சமிருந்த உறுப்பினர்கள் சட்டமன்றமாகவும் இருக்க வேண்டும், அரசாங்கமாகவும் இருக்க வேண்டும், சம்பளப் பட்டுவாடா அலுவலகமாகவும் இருக்க வேண்டும். செயின்ட் ஸ்டீபன் சேப்பலுக்குள் உட்கார்ந்தபடி இந்த மூன்றையும் செய்தார்கள். அரசரின் ஒப்புதல் இல்லாமல் சட்டம் கிடையாது என்பதால் இரண்டு சபைகளும் சேர்ந்து ஆணை பிறப்பிக்கும் வழியைப் பிடித்தார்கள். அதனால்தான் அந்தப் பக்கங்களில் யாராவது ஒருவர் எப்போதும் பிரபுக்கள் சபைக்கு நடந்துகொண்டே இருக்கிறார்.

பணம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரே இடத்திலிருந்து வரவில்லை. 1642 ஜூனில் கடனாகக் கேட்டார்கள்: பணமோ வெள்ளிப் பாத்திரமோ குதிரையோ கொண்டு வாருங்கள், 8 சதவீத வட்டி, நாடாளுமன்றத்தின் வாக்குறுதிதான் ஜாமீன். லண்டன் நகர மன்றமான கில்டுஹாலில் வெள்ளிக் கிண்ணமும் கரண்டியும் வந்து குவிந்தன. தையல்காரிகளின் விரலுறையும் கொண்டை ஊசியும்கூட வந்தன என்று அரசர் தரப்பு கேலி செய்தது. அந்த ஆர்வம் சில மாதங்களில் வற்றிவிட்டது. நவம்பரில், தானாகக் கொடுக்காதவர்களின் சொத்தில் இருபதில் ஒரு பங்கு கட்டாயம் என்றார்கள். 1643 பிப்ரவரியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வாராந்தரத் தொகை நிர்ணயம் ஆனது, லண்டன் தலையில் மட்டும் வாரம் 10,000 பவுண்டு. மார்ச்சில் அரசர் பக்கம் நின்றவர்களின் நிலங்களைப் பறித்து வாடகையை எடுத்துக்கொள்ளும் ஆணை. ஜூலையில் பீர், புகையிலை போன்ற விற்பனைப் பொருட்களின் மீது எக்சைஸ் வரி. கொஞ்ச காலம் முன்பு காமன்ஸ் தலைவர்களில் ஒருவரான ஜான் பிம் இந்த வரியைப் பற்றிப் பேச்செடுத்தபோது சபையே கொதித்தது என்பதை மறக்க வேண்டாம். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் போட்ட கப்பல் வரிக்காக அரசரை எதிர்த்தவர்கள்தான் இவர்கள். அந்த வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு. 1645இல் ஒரே ஒரு படைக்காக இவர்கள் போட்ட வரியோ மாதம் 53,000 பவுண்டுக்கு மேல். ஆண்டுக் கணக்குப் போட்டால் மூன்று மடங்கு!

அந்த 53,000 எதற்கு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால் சுவாரசியமாக இருக்கும். புதிய மாதிரிப் படையில் காலாட்கள் 14,400 பேர், நாள் கூலி 8 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ், ஆக ஒரு நாளைக்கு 480 பவுண்டு. குதிரைப்படை 6,600 பேர்தான், ஆனால் ஆளுக்கு 2 ஷில்லிங் (24 பென்ஸ்), குதிரைத் தீனியும் அதற்குள்ளேயே. அது ஒரு நாளைக்கு 660 பவுண்டு. பாதிக்கும் குறைவான ஆட்கள், கூடுதல் செலவு. இதற்கு மேல் டிராகூன்கள் (குதிரையில் போய் இறங்கிச் சண்டையிடுபவர்கள்) 1,000 பேர், அதிகாரிகள் சம்பளம். இதெல்லாம் அந்த ஒரு படைக்கு மட்டும். ஸ்காட்லாந்துப் படைக்கு மாதம் 30,000 பவுண்டு தருவதாக 1643இல் ஒத்துக்கொண்டது தனி.

சரி, மனுவுக்கு வருகிறேன். ஒவ்வொரு வரவுக்கும் தனிக் கமிட்டி, தனிப் பொருளாளர், தனிக் கட்டடம். கட்டாயக் கடன் ஹேபர்டாஷர்ஸ் ஹாலில், தோற்றவர்கள் அபராதம் கட்டி நிலத்தை மீட்பது கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில், எக்சைஸுக்கு வேறோர் அலுவலகம். எல்லா வரவும் ஏற்கெனவே யாருக்கோ எழுதிக் கொடுத்தாயிற்று. இந்த நிலையில் கணவனின் சம்பளப் பாக்கியைக் கேட்டு ஒரு பெண் வந்தால், "கொடுங்கள்" என்று சபை சொன்னால் போதாது. எந்த ஹாலின் வரவிலிருந்து, யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்றும் சொன்னால்தான் பொருளாளர் பெட்டியைத் திறப்பார். நீங்கள் சின்ன விஷயம் என்று தாண்டிப்போன மனுவும், பெரிய விஷயம் என்று நிறுத்தி வாசித்த படைச் செலவும் ஒரே பெட்டிக்காகத்தான் மோதின. கொடுக்க முடியாத சம்பளம் சில மாதம் கழித்து மனுவாகத் திரும்பி வரும், அவ்வளவுதான்.

---

நள்ளிரவு வாசகி பதில்:

மேலே கணக்கு அருமை, ஆனால் எல்லா மனுவையும் பாக்கி வசூலாகப் பார்ப்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஓட்டுரிமை இல்லாதவர்களுக்கு, அதாவது பெரும்பாலான ஆண்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும், அந்தச் சபையின் கதவைத் தட்ட இருந்த ஒரே முறையான வழி மனுதான். அதை அவர்கள் அரசியலுக்கும் பயன்படுத்தினார்கள்.

1643 ஆகஸ்டைத் திறந்து பாருங்கள். பிரபுக்கள் சபை அனுப்பிய சமாதான யோசனையை காமன்ஸ் சில வாக்குகள் வித்தியாசத்தில் தள்ளிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் தலையில் வெள்ளை ரிப்பன் கட்டிய பெண்கள் கூட்டமாக வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்தார்கள். 9ஆம் தேதி மனுவை உள்ளே கொடுத்தார்கள், போரை நிறுத்துங்கள் என்று. சபை சில உறுப்பினர்களை வெளியே அனுப்பி, எங்களுக்கும் சமாதானம்தான் வேண்டும், வீட்டுக்குப் போங்கள் என்றது. போகவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், காவல் படை மீது கல் எறிந்தார்கள். முதலில் வெற்று மருந்து வெடித்துப் பயமுறுத்தினார்கள், அப்புறம் குண்டு, அப்புறம் குதிரை வீரர்கள் வாளோடு. சிலர் செத்தார்கள். அந்த நாளின் ஜர்னல் பதிவை மட்டும் படித்தால் வெளியே நடந்ததன் சூடே உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் டி'யூஸ் போன்ற உறுப்பினர்களின் நாட்குறிப்பை வைத்துக்கொண்டால்தான் பிடிபடும்.

ஊனமுற்ற வீரர்கள், விதவைகள் விஷயத்திலும் அவர்கள் சும்மா இரக்கப்பட்டுக் கேட்கவில்லை. எட்ஜ்ஹில் சண்டை 1642 அக்டோபர் 23. அடுத்த ஓரிரு நாளிலேயே, நாடாளுமன்றத்துக்காகக் காயம்பட்டவர்களையும் இறந்தவர்களின் மனைவி மக்களையும் காப்போம் என்று இரண்டு சபைகளும் அறிவித்தன. ஆள் சேர்க்க வேண்டுமே! லண்டனில் சவோய் மருத்துவமனையைக் காயம்பட்டவர்களுக்கு ஒதுக்கினார்கள். அப்படி வாக்குக் கொடுத்த பிறகு ஒரு விதவை வந்து நின்றால் பிச்சை கேட்பதாக ஆகாது. கொடுத்த வாக்கைக் கேட்கிறாள், சபையால் அவளைத் துரத்தவும் முடியாது.

---

ஏட்டுப்புழு:

இருவருக்கும் நன்றி. இப்போது பக்கங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. 1647 மார்ச்சில் சொந்தப் படையின் மனுவையே கண்டித்து ஏதோ அறிவிப்பு வருகிறது, அதற்கு முந்தைய மாதம் இறைச்சிச் சந்தையில் கலவரம். இரண்டும் சேர்ந்ததா?

---

பழைய மை பதில்:

நேரடியாக இல்லை, ஆனால் வேர் ஒன்றுதான். 1644இல் எக்சைஸை இறைச்சிக்கும் உப்புக்கும் நீட்டினார்கள். ஏழைகள் தினமும் வாங்கும் பொருள். 1647 பிப்ரவரியில் ஸ்மித்ஃபீல்டில் கூட்டம் திரண்டு எக்சைஸ் அலுவலகத்தையே எரித்தது. அந்தக் கோடையில் இறைச்சி மீதும் உள்நாட்டு உப்பு மீதும் இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். போர் முடிந்து பல மாதம் ஆகிவிட்டது, அரசரின் தலைமையிடமான ஆக்ஸ்ஃபோர்டு 1646 ஜூனிலேயே சரணடைந்துவிட்டது, இன்னும் ஏன் வரி என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே. பதில்: படை இன்னும் கலையவில்லை. படை ஏன் கலையவில்லை? பாக்கி. காலாட்களுக்கு 18 வாரம், குதிரைப்படைக்கு 43 வாரம்.

காமன்ஸ் சபையில் டென்சில் ஹோலிஸ் தலைமையில் இருந்தவர்கள் பாதிப் படையைக் கலைத்து மீதியை அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டால் தலைவலி தீரும் என்று பார்த்தார்கள், அதுவும் ஆறு வாரப் பாக்கியைக் கையில் கொடுத்து. வீரர்கள் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் வழியாகச் சபைக்குக் கொடுக்க ஒரு மனு தயாரித்தார்கள். அதில் என்ன இருந்தது பாருங்கள்: போரில் செய்ததற்காக வழக்குப் போடக்கூடாது, கலைக்கும் முன் பாக்கியைத் தீர்க்க வேண்டும், தானாகச் சேர்ந்தவனை வெளிநாட்டுக்குத் தள்ளக்கூடாது, ஊனமுற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் வழி செய்ய வேண்டும், வீரர்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரர்களின் கடனை அடைக்க வேண்டும். ஏட்டுப்புழு, நான்கு வருடமாகத் தனித்தனி மனுவாக நீங்கள் வாசித்ததுதான் எல்லாம், இந்த முறை ஆயுதம் வைத்திருக்கிற இருபதாயிரம் பேர் ஒன்றாகக் கேட்டார்கள்.

மார்ச் 29 இரவு, பலர் வீட்டுக்குப் போய்விட்ட நேரத்தில், ஹோலிஸ் மடியில் தாளை வைத்து எழுதியதுதான் அந்தக் கண்டனம். மனுவில் விடாப்பிடியாக நிற்பவர்கள் நாட்டின் எதிரிகள் என்றது. என் கணிப்பில் அந்தச் சபை செய்த மிகப்பெரிய முட்டாள்தனம் இதுதான், பாக்கியைக்கூட வீரர்கள் பொறுத்திருப்பார்கள், மனு கொடுத்ததே குற்றம் என்றதைப் பொறுக்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் பயந்துபோய் அந்த அறிவிப்பை ஜர்னலிலிருந்தே அடித்துவிடத் தீர்மானித்தார்கள். அதே நாட்களில் ஜாய்ஸ் என்ற சின்னப் படை அதிகாரி, நாடாளுமன்றம் காவலில் வைத்திருந்த ஹோம்பி மாளிகையிலிருந்து அரசரையே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆகஸ்டில் படை லண்டனுக்குள் வந்தது.

---

கணக்குப்பிள்ளை:

தேதிக் கேள்வியை யாரும் தொடவில்லையே. அச்சுப் பிழை இல்லை. அப்போது இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான பதிவுகளுக்கு ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்குப்படி சார்லஸின் தலை போனதுகூட 1648 ஜனவரி 30.

---

நள்ளிரவு வாசகி:

ஒன்று சேர்க்கிறேன். ஜர்னலில் மனுவின் ஒரு வரிச் சுருக்கம்தான் கிடைக்கும். முழு மனுவை வாசிக்க ஆசை இருந்தால் பிரபுக்கள் சபை ஆவணங்களைத் தேடுங்கள். 1834 அக்டோபர் தீயில் காமன்ஸ் காகிதங்கள் பெரும்பாலும் எரிந்துபோயின, ஜர்னல்களை மட்டும் காப்பாற்ற முடிந்தது. பிரபுக்கள் சபைக் காகிதங்கள் தனியே ஜுவல் டவரில் இருந்ததால் தப்பின. இரண்டு சபைகளுக்கும் ஒரே மனுவைக் கொடுத்தவர்கள் நிறையப் பேர், அதனால் நீங்கள் தேடும் விதவை அங்கே கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.