முதியோர் இல்லத்தில் மருந்து அலமாரிச் சாவி யாரிடம்?

இரவுப் பணி நர்ஸ்:
மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. சாவி யாரிடம் என்று கேட்பவர்கள் குறைவு. முன்பு வேலை பார்த்த இல்லத்தில் சாவி மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருநாள் கடும் வலிக்குத் தரும், போதை தரக்கூடிய மார்ஃபின் மாத்திரை குறைந்தது. யாரைக் கேட்பது? எல்லார் மீதும் சந்தேகம், ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் குழப்பத்தில், புற்றுநோய் வலியோடு கிடந்த ஒரு பாட்டிக்கு அன்றைய மருந்து தாமதமானது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது இருக்கும் இல்லத்தில் மார்ஃபின், அதைப் போன்ற இன்னொரு வலி மருந்தான ஃபென்டனில் எல்லாம் அலமாரிக்குள் இன்னொரு பூட்டிய பெட்டியில். பணி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எண்ணுவோம், இருவரும் கையெழுத்துப் போடுவோம், பிறகுதான் சாவி கை மாறும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச்சைக் கழற்றிய பிறகும் அதில் மருந்து நிறைய மிச்சமிருக்கும். குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, கணக்கில் எழுதித்தான் அப்புறப்படுத்துகிறோம். குப்பைக் கூடைக்கு அது போகவே கூடாது.

ஒரு மகள்:
எங்கள் அம்மாவுக்கு மறதி நோய். மருந்து வண்டியைப் பூட்டாமல் நடைவழியில் நிறுத்திவிட்டு நர்ஸ் ஓர் அறைக்குள் போயிருக்கிறார். அம்மா வேறொருவரின் கிளிமிபிரைடு என்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டார். சர்க்கரை நோயே இல்லாதவர். உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றிச் சரியான பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த நர்ஸ் மீது மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. அத்தனை பேருக்கும் மருந்து கொடுக்க அவர் ஒருவர்தான் இருந்தார். ஆனால் கண்ணை விட்டு நகர்ந்தால் வண்டி பூட்டியிருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

மருந்தாளுநர்:
ஃப்ரிட்ஜையும் பாருங்கள். நான் போன ஓர் இல்லத்தில் இன்சுலின் சாப்பாட்டுப் பொருட்களோடு, பனி கட்டிய பகுதியை ஒட்டி இருந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, தூக்கிப்போட வேண்டியதுதான். மருந்துக்கென்று தனி ஃப்ரிட்ஜ், அதற்கும் பூட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ், தினமும் வெப்பநிலைப் பதிவு. குப்பியைத் திறந்த தேதியையும் அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்த பிறகு நான்கு வாரம்தான்.