டேப்புக்கு ஏமாந்த தொடை

இடது முழங்கால் சில்லு உடைந்து 6 வாரம் மாவுக்கட்டோடு கிடந்தவன் நான். மூன்று வருடம் கழித்து, தொடைத் தசை பற்றிய ஓர் ஆய்வுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன். முதலில் டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தார்கள். அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. மெஷின். ஊசி எதுவும் இல்லை, காலை அசைக்காமல் படுத்திருந்தால் போதும். அசையாதே என்று சொன்ன பிறகுதானே கால் கட்டைவிரலுக்கு உயிர் வரும்!

முடிந்ததும் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டினார்கள். தசை கருஞ்சாம்பல், கொழுப்பு பளிச்சென்று வெள்ளை. தொடை என்றால் ஒரே சதைப்பிண்டம் என்று நினைத்திருந்த எனக்கு, ஒவ்வொரு தசையும் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்தது போலத் தெரிந்தது. வலது தொடையில் சாம்பல் ஒரே சீராக இருந்தது. இடதில், முழங்காலை ஒட்டிய உள்பக்கத் தசைக்குள் வெள்ளைக் கீற்றுகள் ஓடின. தசை விட்ட இடத்தில் கொழுப்பு குடியேறியிருக்கிறது. டேப்புக்கு இரண்டும் சதைதான்.

கீற்றைக் கண்ணால் மதிப்பிடவும் வேண்டாமாம். நீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் சற்றே வேறு அதிர்வெண்ணில் சிக்னல் தரும். 3 டெஸ்லாவில் வித்தியாசம் சுமார் 440 ஹெர்ட்ஸ். அதை வைத்து நீர்ப்படம் தனி, கொழுப்புப்படம் தனி என்று பிரிப்பது டிக்சன் முறை, 1984இல் வந்தது. தசைக்குள் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே கிடைத்துவிடுகிறது.

*

நான் வேறு ஆள்; மெஷினுக்கு இந்தப் பக்கம் இருந்து படம் எடுப்பவன். கெண்டைக்காலைப் படம் எடுக்கும்போது ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன்: காலை அப்படியே மேசைமேல் கிடத்திவிட்டேன். சதை நசுங்கி, இழைகளின் சாய்வுக் கோணமே மாறிப்போனது. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது குதிகாலுக்கும் முழங்காலுக்கும் அடியில் மெத்தை வைத்து, கெண்டைச் சதையை எதிலும் படாமல் விடுகிறேன்.

டிஃப்யூஷன் படத்தில், அதாவது தசைக்குள் நீர் நகர்வதைக் காட்டும் படத்தில், வண்ண வண்ணமாக ஓடும் கோடுகளைப் பார்த்து, "இழை இழையாத் தெரியுதே!" என்பார்கள். தசை இழையின் தடிமன் 0.1 மி.மீ.கூட வராது, நம் படப்புள்ளியோ ஓரிரு மில்லிமீட்டர். நீர் மூலக்கூறுகள் இழையின் குறுக்கே போவதைவிட நீளவாக்கில் சுலபமாக நகரும். அந்தத் திசையைக் கணக்கிட்டு வரைந்த கோடுதான் அது.

இன்னொன்று. ஒருவர் நேரமாகிவிட்டதென்று படிக்கட்டில் ஓடியே வந்து படுத்தார். டி2 என்பது சிக்னல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதற்கான அளவு. டி2 படத்தில் அவர் கெண்டைக்கால் வீக்கம் கண்டதுபோல வெளுத்திருந்தது. உழைத்த தசையில் நீர் கூடி டி2 ஏறிவிடும். அன்றிலிருந்து, யார் வந்தாலும் முதலில் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறேன்.