2006 ரோஸ் பவுல்: ஏன் உதைக்கவில்லை?

அமெரிக்கக் கால்பந்து தெரிந்த நண்பர்கள் உதவ வேண்டும். 2006 ஜனவரி 4 அன்று பாசடேனாவில் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் யுஎஸ்சியும் (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்) மோதிய ரோஸ் பவுல் என்ற கல்லூரி சாம்பியன் பட்ட ஆட்டத்தை மகளோடு பார்த்தேன். இரண்டுமே அந்தப் பருவத்தில் தோல்வி காணாதவை; யுஎஸ்சி தொடர்ந்து 34 ஆட்டங்களை வென்றிருந்தது. என்ன ஆட்டம்!

யுஎஸ்சி 38-33 என முன்னிலை, ஏறத்தாழ இரண்டு நிமிடம் மிச்சம், பந்து அவர்களிடம்; கடைசியான நான்காவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க இரண்டு கெஜம் தேவை. பந்தை உதைத்துத் தூரத் தள்ளாமல் தங்கள் ஓட்டக்காரர் லெண்டேல் ஒயிட்டிடம் கொடுத்தார்கள், டெக்சாஸ் மறித்துவிட்டது. யுஎஸ்சியின் நட்சத்திர ஓட்டக்காரர் ரெஜ்ஜி புஷ் களத்துக்கு வெளியே நின்றார். பிறகு 19 வினாடி இருக்கையில் டெக்சாஸின் வின்ஸ் யங் வலது மூலைக்கு ஓடிக் கோட்டைக் கடந்தார். முடிவு 41-38, டெக்சாஸுக்கு வெற்றி.

"ஏன் உதைக்கவில்லை, அப்பா?" என்று மகள் விடாமல் கேட்கிறாள். அந்த இடத்தில் எது சரி? காரணத்தோடு விளக்குங்கள்.