மிகைநேர ஊதிய வரம்பு மாறும் முன்பே முதலாளிகள் ஆயத்தமாக வேண்டுமா?

ஊதியக் கணக்காளர்:
அமெரிக்காவில் வாரத்திற்கு 40 மணி நேரத்தைத் தாண்டி உழைப்பவருக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்பது 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. மேலாளர், நிர்வாகப் பணியாளர் போன்றோரை இதிலிருந்து விலக்க வேண்டுமானால், அவர்களுடைய நிலையான சம்பளம் ஒரு குறைந்தபட்ச வரம்பை எட்டியிருக்க வேண்டும். அவர்கள் அன்றாடம் செய்யும் வேலையும் அப்பொறுப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். வரம்பு எப்போது மாறினாலும் தடுமாறாதிருக்க, முதலாளிகள் இப்போதே தங்கள் பணியாளர் பட்டியலை ஆராய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறுதொழில் முதலாளி:
இதே அறிவுரையை நான் இருமுறை கேட்டுவிட்டேன். வாரத்திற்கு 455 டாலராக இருந்த வரம்பு 2016 டிசம்பர் 1 முதல் 913 ஆகும் என்றார்கள். நவம்பர் 22 அன்று டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. இடையே 684 ஆகியிருந்த வரம்பு 2024 ஜூலை 1 அன்று 844 ஆனதும் நான்கு பேருக்குச் சம்பளத்தை உயர்த்தினேன். நவம்பர் 15 அன்று அந்த விதி முழுவதும் ரத்தாகி, பழைய 684 டாலரே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கொடுத்த சம்பளத்தை எந்த முகத்தோடு குறைப்பது? தீர்ப்புகள் ஓயும்வரை காத்திருப்பதே விவேகம்.

ஊதியக் கணக்காளர்:
உங்கள் வருத்தம் நியாயமானது, ஐயா. ஆனால் ஆயத்தமாவது என்றாலே சம்பளத்தை உயர்த்துவது என்று கொள்ளத் தேவையில்லை. வாரம் 900 டாலர் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 40 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 22.50, மிகைநேரத்திற்கு 33.75. 2025 ஜனவரியில் வரவிருந்த 1,128 டாலர் வரம்புக்கு அவரை உயர்த்த வாரம் 228 டாலர் கூடுதலாகும். அவர் ஆறு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் மிகைநேர ஊதியம் 202.50 மட்டுமே, ஏழு மணி நேரமானால் 236.25. எது சிக்கனம் என்பதை அந்த ஒரு மணி நேரம் தீர்மானிக்கிறது. மணிக்கணக்கே எழுதி வைக்காத நிறுவனம் இதை எப்படி அறியும்?

முன்னாள் உதவி மேலாளர்:
நீங்கள் இருவரும் வரம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேலை பார்த்த கடையில் என் பதவியின் பெயர் உதவி மேலாளர். ஆனால் நாள் முழுவதும் சரக்கு இறக்கி அடுக்கினேன், யாரையும் மேற்பார்த்ததில்லை. வாரம் 55 மணி நேரம் உழைத்தும் மிகைநேர ஊதியம் ஒரு டாலர்கூட வரவில்லை. எந்த நீதிமன்றம் வரம்பை ரத்து செய்தாலும் எனக்கு இழைக்கப்பட்டது தவறு தவறுதான்.

ஊதியக் கணக்காளர்:
காத்திருப்பதில் உள்ள பேராபத்தை இவர் சொல்லிவிட்டார். இத்தகைய வழக்கில் இரண்டு ஆண்டு நிலுவையும், தெரிந்தே செய்த மீறல் என்றால் மூன்று ஆண்டு நிலுவையும், பெரும்பாலும் அதே அளவு இழப்பீடும் சேரும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் வரம்போ கூட்டாட்சி வரம்பைவிட மிக உயர்வானது.

சிறுதொழில் முதலாளி:
வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் சம்பளக்காரரிடம் நேரத்தைக் குறிக்கச் சொன்னால், தம்மைக் கீழே இறக்கிவிட்டதாகவே நினைப்பார்.

முன்னாள் உதவி மேலாளர்:
காரணத்தைச் சொல்லாமல் தாளை மட்டும் நீட்டினால்தான் அப்படித் தோன்றும். என் மணிக்கணக்கை ஒருவர் கேட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

சிறுதொழில் முதலாளி:
சரி, நான்கு வாரங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். அதுவரை ஒருவருடைய சம்பளத்தையும் மாற்றமாட்டேன்.