கோமுக் ட்ரெக் போகலாமா, இல்ல போறதே தப்பா?

கூக்கல்தொரை_பையன்:
வணக்கம் மக்களே. மே கடைசில நாலு பேரு உத்தராகண்ட்ல இருக்குற கங்கோத்ரி போயி, அங்கருந்து கோமுக் வரைக்கும், அதாவது கங்கோத்ரி க்ளேசியர் (பனியாறு) முடிஞ்சு கங்கைத் தண்ணி வெளிய வர்ற எடம் வரைக்கும், நடக்கலாம்னு பிளான். எல்லாரும் கோத்தகிரி பக்கம்தான், மேடும் குளிரும் புதுசில்ல, ஆனா ஐஸ்னா ஜனவரில ஊட்டி பக்கம் தலைகுந்தாவுல புல்லு மேல வெள்ளையா கெடக்குற உறைபனிதான் பாத்திருக்கோம், அதுவும் வெயில் ஏறுனா காணாமப் போயிரும். போன வாரம் டீக்கடைல ஒரு பெரியவர் "உருகிட்டு கெடக்குறத நீங்க வேற போயி மிதிக்கணுமாக்கும்"னு கேட்டுட்டாரு. சிரிச்சுட்டு வந்துட்டேன், ஆனா மண்டைலயே நிக்குது. நெஜமாவே நாம போனா கெடுதலா?

பழைய_பூட்ஸ் (குன்னூர்):
நான் போயிட்டு வந்துட்டேன் ப்ரோ. மிதிச்சு உருகாது. கங்கோத்ரி க்ளேசியர் கிட்டத்தட்ட 30 கி.மீ நீளம், 1935-லயே அத சர்வே பண்ணிருக்காங்க, அப்போருந்து இப்ப வரைக்கும் அதோட வாய், அதாவது கோமுக், ஒரு கிலோமீட்டருக்கு மேல பின்னாடி போயிருச்சு. சூடு ஏறுறதுதான் முக்கிய காரணம், அது போக டீசல் புகை, விறகுப் புகை, காட்டுத்தீ கரி எல்லாம் பறந்து வந்து பனி மேல படியுது, வெள்ளையா இருந்தா வெயில திருப்பி அனுப்பிரும், கரி படிஞ்சா கறுப்புச் சட்டை போட்ட மாதிரி சூட்ட இழுத்துக்கும். அதனால கேம்ப் ஃபயர் வேணுமான்னு யாராவது கேட்டா வேணாம்னு சொல்லிருங்க.

இன்னொன்னு, காலண்டர் படம் மாதிரி வெள்ளை வெளேர்னு எதிர்பாக்காதீங்க. கோமுக் பாக்குறதுக்கு கல்குவாரி மாதிரி இருக்கும், மண்ணும் கல்லும் மூடிக்கிட்டு, உடைஞ்ச எடத்துல மட்டும் நீலமா ஐஸ் தெரியும். திடீர்னு கட்டி கட்டியா விழும், கிட்ட போய் செல்ஃபி எடுக்காதீங்க. ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் பெர்மிட். செக்போஸ்ட்ல பிஸ்கட் கவர் வரைக்கும் எண்ணி எழுதிட்டு டெபாசிட் வாங்குனாங்க. திரும்பி வர்றப்ப ஒரு சாக்லேட் கவர் குறைஞ்சுது, ஃப்ரெண்டு பேக்கயே கவுத்துட்டான், கடைசில பாத்தா சாக்ஸுக்குள்ள இருக்கு 😂

வட்டக்கானல்_அக்கா:
தம்பி, வெட் வைப்ஸ் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. பேப்பர்னு நெனச்சு வீசுறாங்க, அதுல நெறைய வகைல பிளாஸ்டிக் நூலு கலந்திருக்கும். இங்க கொடைக்கானல் பக்கம் பாதையோரம் குப்பை பொறுக்குறப்ப பாத்திருக்கேன், ஒரு மழைக்காலம் பூரா நனைஞ்சும் இழுத்தா கிழியாது. போன மாசம் வீட்டுக்குப் பின்னாடி காட்டுமாடு சாணி கெடந்துச்சு, அதுக்குள்ள சிப்ஸ் கவர் முழுசா, விலை கூட படிக்கலாம். நம்ம ஊரு மழைலயே இப்படின்னா அந்தக் குளிர்ல எதுவும் மக்காது. வெளிக்குப் போறதும் அப்படித்தான், டாய்லெட் டென்ட் இருந்தா அதுலயே போங்க, இல்லன்னா தண்ணிய விட்டு நல்லா தள்ளி குழி தோண்டி மூடுங்க, பேப்பர் யூஸ் பண்ணுனா கவர்ல போட்டு கீழ கொண்டு வந்துருங்க. கேக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா அந்தத் தண்ணியத்தான் கீழ ஊர்க்காரங்க குடிக்கிறாங்க.

குந்தா_காரன்:
எதுக்குங்க இவ்ளோ பயமுறுத்துறீங்க? நாலு பேரு போகாம இருந்தா க்ளேசியர் உருகாம நின்னுருமா? சீசன்ல ஊட்டி ரோட்டுல நிக்கிற வண்டிய பாருங்க, கோர்ட்டு சொல்லி 2024 மே மாசத்துலருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) வந்தும் அப்படித்தான் நிக்குது. மொதல்ல நம்ம சோலையையும் புல்வெளியையும் பாருங்க, மழைத் தண்ணிய புடிச்சு வெச்சு கோடைல கொஞ்சம் கொஞ்சமா விடுறது அதுதான், அங்க பனி பாக்குற வேலைய இங்க அது பாக்குது. அது போச்சுன்னா பவானிக்கு தண்ணி ஏது?

பழைய_பூட்ஸ் (குன்னூர்):
சோலை விஷயம் நூத்துக்கு நூறு சரிண்ணா. ஆனா ரெண்டையும் ஏன் மோத விடுறீங்க, அங்கயும் இதே கதைதான். உத்தராகண்ட்ல புக்யால்னு மேல்மலைப் புல்வெளி இருக்கு, டென்ட் போட்டுப் போட்டு மண்ணு பேந்துருச்சு, 2018-ல ஐகோர்ட்டே அங்க ராத்திரி தங்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு.

கூக்கல்தொரை_பையன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, வைப்ஸ ஏற்கனவே நாலு பாக்கெட் வாங்கி வெச்சுட்டேன், அவமானமா இருக்கு, வீட்லயே வெச்சுட்டு துண்டு எடுத்துக்குறேன். ஃப்ளைட் வேணாம், சென்னைல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புடிச்சு டெல்லி, அங்கருந்து பஸ்னு பேசி வெச்சிருக்கோம், ஒருத்தன் மட்டும் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கான்.

பழைய_பூட்ஸ் (குன்னூர்):
அவனுக்கு ஜன்னல் சீட் குடுத்துருங்க. பெர்மிட்ட ரெண்டு பிரிண்ட் எடுத்துக்கோங்க, மேல போன் வேலை செய்யல எனக்கு.