கனவா, தரிசனமா, கடனா? ஒரு பூக்கல் பட்டறையை வைத்து எழுந்த விவாதம்

மானகிரி வாலிபர்
எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பாதியில் நின்ற பேச்சை இங்கே போடுகிறேன். ஒரு பெண், வயது 26, மாதச் சம்பளத்தில் இருக்கிறார். ஆத்தங்குடிப் பூக்கல், அதாவது கையால் வார்க்கும் பூப்போட்ட சிமென்ட் தரைக்கல், அதற்கு ஒரு பட்டறை வைக்க வேண்டும் என்கிறார். "இது என் ஆசை மட்டுமில்லை, கர்த்தர் தந்த தரிசனம். இதைச் செய்வதுதான் என் விசுவாசம்" என்பது அவர் வாதம். சேமிப்பு 2 லட்சம். பாதிப் பேர் "ஆமென், வேலையை விடு" என்றார்கள். மீதிப் பேர் "தொழில் உலக காரியம், அதில் விசுவாசத்தை இழுக்காதே" என்றார்கள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விசுவாச நடை
நான் ஆமென் பக்கம். போகும் இடம் தெரியாமலே ஆபிரகாம் புறப்பட்டான், எபிரெயர் 11:8. எஜமான் வேலைக்காரரிடம் பணம் கொடுத்துவிட்டுப் போன தாலந்து உவமையில், திரும்பி வந்து யாரைக் கடிந்துகொண்டான்? நஷ்டப்பட்டவனையா? பயந்துபோய் மண்ணைத் தோண்டிப் புதைத்தவனை! காற்றையே பார்த்துக்கொண்டிருப்பவன் விதைக்கமாட்டான் என்று பிரசங்கி 11:4-ல் இருக்கிறது. நம் சபைகளில் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: பி.எட். முடி, ஆசிரியர் தகுதித் தேர்வு எழுது, அரசு வேலைக்கு ஜெபம் பண்ணு. அரசு வேலை என்றால் கர்த்தருடைய சித்தம், பட்டறை என்றால் வெறும் மாம்ச ஆசையா? உபவாசித்துக் கேட்கட்டும், இரண்டு மூன்று சாட்சிகளால் உறுதியானால் கால் வைக்கட்டும். கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால், பேதுருவைப்போலத் தண்ணீரில் கால் வைக்காமல் கடைசிவரை படகில்தான் உட்கார்ந்திருப்போம்.

பேரேடு
பிரதர், அதே உவமையில் அடுத்த வரி என்ன? "என் பணத்தைக் காசுக்காரரிடமாவது போட்டிருக்கலாமே, வட்டியாவது வந்திருக்குமே" என்கிறான் எஜமான். வட்டித் தொழிலுக்குப் பேர்போன செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த வசனத்தை எப்படித் தாண்டிப் போனீர்கள்?

லூக்கா 14:28-ல் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்காருகிறான், செலவைக் கணக்குப் பார்க்கிறான், பிறகுதான் எழுந்திருக்கிறான். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களும் சிறுபான்மையினரும் சிறப்புப் பிரிவு. கிராமப் பகுதியில் மானியம் 35 சதவீதம், நகரமென்றால் 25. சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆத்தங்குடி பக்கம் 10 லட்சத்துக்குத் திட்டம் போட்டால் கையிலிருந்து 50,000, மானியம் 3.5 லட்சம், நிகரக் கடன் 6 லட்சம். மானியத்தைக் கையில் தரமாட்டார்கள். வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும், அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. நடுவில் பட்டறையை மூடினால் மானியம் போச்சு. 6 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 5 ஆண்டுத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 13,000 கட்ட வேண்டும்.

இன்னொன்று. இந்தத் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். "முதலில் கால் வைக்கிறேன், மானியத்தை அப்புறம் பார்ப்போம்" என்று பட்டறையை ஓட்டத் தொடங்கிவிட்டு மனுக் கொடுத்தால் தள்ளிவிடுவார்கள். உங்கள் படகு உவமை இங்கே நேராக 3.5 லட்சத்தை முழுங்கும். சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் இந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுவிட்டு, கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

விசுவாச நடை
லூக்கா 14 சீஷத்துவத்தைப் பற்றியது, தொழில் தொடங்குவதைப் பற்றியது இல்லை. 33-ம் வசனம்வரை வாசியுங்கள். உண்டானதையெல்லாம் வெறுத்துவிடாதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று முடிகிறது. நீங்கள் 5 சதவீதத்தில் நிற்கிறீர்கள்.

பேரேடு
சரியான அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீஷனாவதற்கே கணக்குப் பார்க்கச் சொன்னவர், பூக்கல் பட்டறைக்குப் பார்க்க வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?

பட்டறைக்கல்
வசனத்தை நீங்கள் பாருங்கள், நான் கல்லைச் சொல்கிறேன். தரிசனம் என்கிற அந்தத் தங்கைக்கு இந்த வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்று தெரிய வேண்டும்.

பூக்கல்லுக்குச் சூளை கிடையாது, சுடுவது கிடையாது. துடைத்த கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. வெள்ளை சிமென்ட், ஆக்சைடு நிறப்பொடி, சன்ன மணல் கலந்த சாயப் பாலை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். பிறகு சிமென்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவுவோம், சாயத்தில் மிஞ்சிய ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவை போட்டு அழுத்தி, மட்டம் பார்த்து, சட்டத்தை எடுப்போம். ஒரு நாள் நிழலில் வைத்து, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் காயவைப்பது. கண்ணாடியைக் கல் தானாக விட வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியால் நெம்பினால் முகம் பெயர்ந்து கையோடு வரும்.

புதியவர்கள் எங்கே தவறுவார்கள்? பாலில் தண்ணீர் கூடினால் நிறம் கசியும், காய்ந்தபின் மயிரிழை வெடிப்பு விழும். நிறம் அடர்த்தியாக வரட்டும் என்று ஆக்சைடை அள்ளிப் போட்டால் மேல்முகம் மாவாக உதிரும், சிமென்ட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் ஆறு மாதத்தில் தரையெல்லாம் வெள்ளை பூக்கும். மணலில் வண்டல் இருக்கிறதா என்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் குலுக்கித் தெளியவைத்துப் பாருங்கள். மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்குமேல் சேறு படிந்தால் அந்த லோடை இறக்கவே இறக்காதீர்கள்.

பெரிய சறுக்கல் வேறு. சிமென்ட் 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலத்துக்குத்தான் வரும், 28 நாள் ஆனால்தான் நம்பலாம். "கர்த்தர் பெரிய ஆர்டர் திறந்துவிட்டார்" என்று நாலாம் நாளே கல்லை லாரியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். போய்ச் சேரும்போது மூலை இருக்காது. ஆர்டர் தந்தவர் கர்த்தர் என்றே வைத்துக்கொள்வோம், 28 நாளை வைத்தவர் யார்?

கண்டாங்கி
அண்ணே, கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

"உலக காரியம்" என்று சொன்ன அந்தப் பாதிப் பேருக்கு ஒரு கேள்வி. யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படுகிற பெசலெயேல் யார்? பொன், வெள்ளி, வெண்கலம், இரத்தினக்கல், மரம் என்று எல்லாவற்றிலும் கை வைத்த வேலைக்காரர். பிரசங்கம் பண்ணுகிறவர் அல்ல. லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத் துணி விற்றவர், அவர் வீட்டில்தான் பவுல் தங்கினார். பவுலோடு இருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி கூடாரம் பண்ணினார்கள். நீதிமொழிகள் 31:16-ல் அந்தப் பெண் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், கைச் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் நடுகிறாள். "விசாரித்து" என்ற சொல்லைக் கவனியுங்கள், கணக்கும் அவளே பார்த்திருக்கிறாள். திருமண வாழ்த்தில் இந்த அதிகாரத்தை வாசிப்போம், மறுநாள் மணப்பெண் கடை வைக்கிறேன் என்றால் "கர்த்தருடைய சித்தமா என்று பார்" என்போம். அண்ணனோ தம்பியோ பைக் ஷோரூம் வைக்கும்போது இந்தக் கேள்வி எழும்பியதாகக் காணோம்.

பங்குமணி
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து கொஞ்சம். உழைப்பைக் கீழான காரியமாக எங்கள் திருச்சபை பார்ப்பதில்லை. தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளை மே 1-க்கு வைத்தது 1955-ல் திருத்தந்தை 12-ம் பயஸ். நம் மாவட்டத்திலேயே இடைக்காட்டூர் திரு இருதயக் கோவிலைப் பாருங்கள், 1894-ல் கட்டியது. பலவித அச்சில் வார்த்த சுட்ட கல்லும் ஓடும்தான் அங்கே வேண்டுதலாக நிற்கிறது.

ஆனால் "தரிசனம்" என்ற சொல்லை நான் அவ்வளவு சுலபமாக விடமாட்டேன். அந்தச் சொல் விழுந்ததும் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாமல் போகிறது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தெரிவு செய்வதற்குச் சில வழி காட்டியிருக்கிறார். மனம் வறண்டு சோர்ந்து கிடக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது ஒன்று. முன்பின் அறியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வாயோ அதை உனக்கே சொல்லிக்கொள் என்பது இன்னொன்று. மரணப் படுக்கையில் கிடந்து திரும்பிப் பார்த்தால் எதைத் தெரிந்தெடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுமோ அதைச் செய் என்பது மூன்றாவது. அலுவலகத்தில் மேலாளரோடு மனத்தாங்கல் வந்த வாரத்தில் பிறந்த தரிசனமா இது? முதலில் அதைக் கேளுங்கள்.

எல்லார் வீட்டுக் காலண்டரிலும் தொங்கும் எரேமியா 29:11, அந்தச் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" வசனம் பற்றியும் ஒரு வார்த்தை. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தைய வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. 5-ம் வசனத்தில் வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறார். உடனே விடுதலை என்று அங்கே எதுவும் இல்லை.

விசுவாச நடை
எல்லாரும் சேர்ந்து அந்தப் பெண்ணை வீட்டுக்கே அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கும்போது தமிழ் தெரியுமா? அச்சகம் இருந்ததா? இருபதுகளில் இருந்த ஒரு மனுஷனுக்குக் கனவு இருந்தது, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது.

பேரேடு
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்கு. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பருமனாக இருந்தது. அந்த அளவில் அடித்தால் காகிதம் காணாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். காகிதக் கணக்குப் பார்த்ததால் அவர் விசுவாசம் குறைந்ததா?

பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவையும் எடுங்கள். எருசலேமின் அலங்கம் (நகர மதில்) இடிந்ததைக் கேள்விப்பட்டது கிஸ்லே மாதம், ராஜாவிடம் வாயைத் திறந்தது நிசான் மாதம். நடுவில் நாலு மாதம் ஜெபம். திறந்தபோது என்ன கேட்டார்? வழிக்குக் கடிதம், மரத்துக்கு உத்தரவு. ஊர் சேர்ந்து மூன்று நாள் கழித்து, யாருக்கும் சொல்லாமல் இராத்திரியில் போய் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு 52 நாளில் வேலை முடிந்தது. 5-ம் அதிகாரத்தில் வட்டி வாங்கியவர்களைக் கூப்பிட்டு, நூற்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். இங்கே நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்கு 36 சதவீதம். தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டியைத் தடை செய்கிறது. ஆனாலும் அவசரத் தரிசனம் நேராக அங்கேதான் போய் நிற்கிறது, ஏனென்றால் வங்கி மூன்று மாதம் ஆகும் என்கிறது.

விசுவாச நடை
நெகேமியாவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நாலு மாதம் ஜெபித்தவர் ஐந்தாம் மாதம் கேட்டார். உங்கள் ஆட்கள் நாலு வருஷம் ஜெபிப்பார்கள். பயத்துக்கு ஞானம் என்று பெயர் வைப்பதும் பாவம்தான், அதை மாற்றிக்கொள்ளமாட்டேன். இன்னொரு கேள்வி: கடன் வந்ததும் அதில் முதற்பலன் என்று சபைக்குக் காணிக்கை கொடுக்க வேண்டுமா? பல இடத்தில் வாங்குகிறார்கள்.

பேரேடு
கூடாது. கடன் வருமானம் இல்லை, அது அடுத்தவர் பணம். இயந்திரத்துக்கும் கொட்டகைக்கும் தந்ததை வேறு எதற்குக் கொடுத்தாலும் அது வங்கிக்குச் செய்த பொய். தசமபாகம், அந்தப் பத்தில் ஒரு பங்கு, சம்பாதித்ததில்தான். நகரத்தார் தொழிலில் மகமை என்று ஒரு பழக்கம் உண்டு, கோவிலுக்கும் தர்மத்துக்கும் உரியதைப் பேரேட்டில் தனிப் பற்று வரவாகவே எழுதி வைப்பார்கள். அந்த ஒழுங்கை நாமும் கற்றுக்கொள்ளலாம். எந்த மாதம் எவ்வளவு என்று எழுத்தில் இருந்தால் உணர்ச்சிவசப்பட்டு மேடையில் அறிக்கையிட வேண்டியிருக்காது. யாத்திராகமம் 36-ல் ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஜனங்கள் கொண்டுவந்தது போதும் என்று மோசே நிறுத்தச் சொன்னார். அப்படி ஓர் அறிவிப்பை எந்தக் கட்டட நிதிக் கூட்டத்திலும் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை!

கண்டாங்கி
கூலியை விட்டுவிட்டீர்கள் எல்லாரும். உபாகமம் 24:15, பொழுது போகுமுன் கூலியைக் கொடு. யாக்கோபு 5:4, பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. என் கனவுக்காக இன்னொருத்தியின் சனிக்கிழமைச் சம்பளத்தை "ஜெபம் பண்ணுங்க, திங்கட்கிழமை தர்றேன்" என்று தள்ளினால் அது எந்த விசுவாசம்? 13,000 தவணையோடு இரண்டு மாதக் கூலியைத் தனிக் கணக்கில் வைத்துவிட்டுத் தொடங்கட்டும்.

மானகிரி வாலிபர்
எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பிவிட்டேன். வேலையை உடனே விடுவதாக இல்லை, ஆறு சனிக்கிழமை ஒரு பட்டறையில் கை பழகப் போகிறார். திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: கண்ணாடித் தகடு எத்தனை வேண்டும்?

பட்டறைக்கல்
இதைக் கேட்டாரே, தேறிவிடுவார். கல் கண்ணாடியை விட்டுப் பிரியும்வரை அந்தத் தகடு அடுத்த வார்ப்புக்குக் கிடைக்காது. தினம் 100 கல், மூன்று நாள் தகட்டில் கிடக்கும் என்று வைத்தால் 300, உடைவதற்கு 30 சேர்த்துக்கொள்ளட்டும். ஓரத்தை உரசி வாங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும்.

ஆர்டர் எடுக்கவும் ஒரு கணக்கு. 10 அங்குலக் கல் என்றால் 1,000 சதுர அடிக்கு 1,440, உடைசலுக்கு நூற்றுக்கு 5 கூட்டிக்கொள்ள வேண்டும். முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு கல் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும், மொத்தம் மூன்றே முக்கால் டன்னைத் தாண்டும். லாரி வாடகை யார் தலையில் என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்பித் தேதி கொடுக்க வேண்டாம்.