மன்றாடியார் என்றால் கெஞ்சுபவரா? பாடசாலை நாடகத்துக்கு உதவி தேவை

வெள்ளவத்தை டீச்சர்:
எங்கள் இந்து மாணவர் மன்ற விழாவுக்குச் சிவபெருமான் கிழவராக வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை நாடகமாகப் போடுகிறோம். திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவர் வழக்குப் பேசும் இடத்தில் "மன்றாடினார்" என்று எழுதியிருந்தேன். ஒத்திகையில் கிழவராக நடிக்கும் பிள்ளை கையைக் கூப்பி அழத் தொடங்கிவிட்டான். இன்னொருத்தி, "பேப்பரில் மன்றாடியார் நாயகம் என்று போடுகிறார்களே டீச்சர், அவரும் நீதவானிடம் அழுவாரா?" என்கிறாள். அகராதியில் மன்றாடிக்குச் சிவபெருமான் என்றும் இருக்கிறது, இடையன் என்றும் இருக்கிறது. சொல்லை மாற்றவா, விடவா? சனிக்கிழமை மேடையேற்றம்.

கொட்டாஞ்சேனையான்:
எங்கள் கோயிலில் மன்றாட்டு என்றால் வேண்டுதல்தான். பிள்ளையில் பிழையில்லை. "வாதாடினார்" என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கோ.

புதுக்கடைக்காரன்:
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் டீச்சர். மன்றாடியார் நாயகம் சட்டமா அதிபருக்கு அடுத்த பதவி. அரசுக்காக மன்றில் பேசுகிறவர், கெஞ்சுகிறவர் இல்லை.

சொல்லை உடைத்தால் மன்று, ஆடு. மன்று என்பது ஊர் கூடும் பொதுவெளி. குரவைக் கூத்தும் அங்கேதான், வழக்கும் அங்கேதான். ஆடு என்றால் எப்போதும் கூத்து இல்லை. நீராடு, சொல்லாடு, போராடு, வழக்காடு என்று எத்தனை இருக்கிறது! அதில் இறங்கிச் செய்வது, அவ்வளவுதான். ஆக மன்றாடுவது என்றால் மன்றில் இறங்கி வழக்குப் பேசுவது. தோற்கப் போகிறவன் அங்கே கெஞ்சவும் செய்வான் அல்லவா, அதுவே பிறகு பெரிய பொருளாகிவிட்டது என்பது என் எண்ணம்.

சிவபெருமானுக்கு வரும்போது மட்டும் ஆடு உண்மையாகவே ஆட்டம். தில்லை அம்பலமும் மன்றுதான், அதில் ஆடுகிறவர் மன்றாடி.

வெள்ளவத்தை டீச்சர்:
சரி. அப்போ இடையன்?

புதுக்கடைக்காரன்:
சோழர் கல்வெட்டில் வரும். கோயில் நந்தா விளக்கு எரிய 96 ஆடு என்று கொடுப்பார்கள், நெய்க்காக. அவற்றைப் பொறுப்பேற்கும் இடையரின் பெயரோடு மன்றாடி இருக்கும். உங்கள் நாடகத்துக்கு அது வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தங்கச்சி, சொல் சரியாகத்தான் இருக்கிறது, பிழை நடிப்பில். பெரியபுராணத்தில் அந்தக் கிழவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுந்தரர் தனக்கு அடிமை என்று கல்யாணப் பந்தலில் ஓலையோடு வந்து நிற்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு அவைக்குப் போனதும், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றில் ஒன்றைக் காட்டு என்று கேட்கிறார்கள். இன்றைய சட்டத்தரணியும் நடைமுறை, பத்திரம், சாட்சி என்றுதானே அலைகிறார்? கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்கிறார். அவையின் எழுத்தனான கரணத்தான் வாசிக்கிறான். பிறகு சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொண்டுவந்து கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது, கிழவருக்கு வெற்றி. கெஞ்சினால் இந்தக் காட்சியே விழுந்துவிடும்.

இன்னொன்று பாருங்கள். தில்லை மன்றில் ஆடுகிறவர்தான் வெண்ணெய்நல்லூர் மன்றில் வழக்காட வந்திருக்கிறார். இந்த நாடகத்தில் "மன்றாடினார்" என்பதை வெட்டுவது அநியாயம். பிள்ளையின் ஒரு கையில் தடியையும் மறு கையில் ஓலையையும் கொடுங்கள், கை கூப்ப முடியாது.

கொட்டாஞ்சேனையான்:
அப்படியென்றால் என் "வாதாடினார்" வாபஸ்.

வெள்ளவத்தை டீச்சர்:
இன்று தடி, ஓலையோடு ஒத்திகை பார்த்தோம் சேர். பிள்ளை அவையையே அதட்டுகிறான், கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது. சொல் அப்படியே இருக்கட்டும். கரணத்தானுக்கு என்ன உடுப்பு என்று யாருக்காவது தெரியுமா?